அப்பாவுக்குத் தெரிந்த அரியர்

என் அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தார். நாங்கள் குடியிருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில் ஒரு வாடகை வீட்டில். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அந்தச் சாலையில் போய் வந்தே தலை நரைத்தவர் அப்பா. நரைத்திருக்கிறதா, பஞ்சு ஒட்டியிருக்கிறதா என்று எங்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். குளித்துவிட்டு வந்த பிறகுதான் தெரியும்.

மில் தொழிலாளர் வீடுகளில் சில ஆங்கிலச் சொற்கள் தமிழைக் காட்டிலும் நெருக்கமானவை. ஷிப்ட், போனஸ், செட்டில்மென்ட் போன்றவை. அவற்றுள் மிக இனிமையானது அரியர். பழைய சம்பள ஒப்பந்தம் முடிந்து, புதியதற்காகச் சங்கமும் நிர்வாகமும் மாதக்கணக்கில் பேசி, கோபித்து எழுந்துபோய், மறுபடி உட்கார்ந்து, கடைசியில் கையெழுத்தாகும்போது, கூடுதல் சம்பளம் முன்தேதியிலிருந்து கணக்கிடப்பட்டு மொத்தமாகக் கைக்கு வரும். அதற்குப் பெயர்தான் அரியர். எங்கள் வீட்டுத் தையல் மிஷின் ஓர் அரியரில் வந்தது. நான் பெரியவளானபோது எடுத்த பாவாடை தாவணி இன்னோர் அரியரில் வந்தது. ஏதாவது கேட்டு நான் அடம்பிடிக்கும்போது "அரியர் வரட்டும்" என்று அம்மா சொன்னால், அதை நான் மறுப்பாக எடுத்துக்கொண்டதே இல்லை. கிடைக்கும், ஆனால் பொறுத்திரு என்றுதான் அதற்குப் பொருள்.

பொறியியல் கல்லூரியில் அதே சொல்லுக்கு வேறு பொருள். அங்கே தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடத்துக்கு அரியர் என்று பெயர். அப்பா பிறந்து வளர்ந்து வேலை பார்த்த உலகத்தில் அந்தப் பொருள் இன்னும் நுழைந்திருக்கவில்லை.

பொறியியலுக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. பள்ளியில் எனக்குப் பிடித்தது உயிரியல். ஆனால் மருத்துவத்துக்கான நீட் தேர்வைப் பற்றி எங்கள் பள்ளியில் யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. கம்ப்யூட்டர் படித்தால் படிப்பு முடிவதற்குள் வேலை என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்கினேன். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்துவிட்டு வந்த எனக்கு, வகுப்பில் ஆங்கிலம் ஒரு ரயில் போலப் போய்க்கொண்டிருந்தது. நான் நடைமேடையிலேயே நின்றேன். மொழியாவது பிறகு பிடிபட்டிருக்கும். இன்ஜினியரிங் டிராயிங் பிடிபடவே இல்லை. ஒரு கூம்பைச் சாய்வாக வெட்டினால் உள்ளே தெரியும் வடிவத்தை வரையச் சொன்னார்கள். ஒரு தவளையை வெட்டினால் உள்ளே என்ன தெரியும் என்று கேட்டிருந்தால் வரைந்திருப்பேன்.

முதல் செமஸ்டர் முடிவு வந்த மதியம், விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் மில் வாசல் டீக்கடையில் இருந்தார்.

"அப்பா, ரிசல்ட் வந்திருச்சு. நாலு அரியர்ப்பா."

"நாலா? ஒட்டுக்காவா வந்திருக்கு?"

"ஆமாப்பா. ஒரே செமஸ்டர்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அட, இதுக்குப் போயி ஏன் தாயி அழுவுற? எங்களுக்கு ஒண்ணு வாரதுக்கே எம்புட்டு வருசம் ஆச்சு, தெரியும்லா? நீ நாலு கொண்டாந்திருக்க! சந்தோசமா ஊருக்கு வா."

வரவேண்டிய கல்வி உதவித்தொகை தள்ளிப் போய்க்கொண்டே இருப்பதைப் பற்றி அதற்கு முன்பு அவரிடம் புலம்பியிருந்தேன். அதுதான் நான்கு மாதத்துக்கும் சேர்த்து வந்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். எனக்கு அது தெரியாது. தோற்றுப்போன மகளின் மனம் நோகக்கூடாது என்று தன் மில் அரியரை இழுத்து வேடிக்கை பேசுகிறார் என்று நான் நினைத்தேன். இப்படி ஒரு பெருந்தன்மையை அவரிடம் நான் எதிர்பார்த்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டு அதே படியில் உட்கார்ந்து இன்னொரு முறை அழுதேன். இந்த அழுகை நன்றியால் வந்தது.

விடுமுறைக்கு ஊருக்கு வந்த அன்று, வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா ஒரு பால்கோவா பெட்டியைத் திறந்து நீட்டினார். அது ஊரில் நல்ல கடை என்று பெயரெடுத்த கடையின் பெட்டி.

"எடுத்துக்க தாயி. ஒன் நாலு அரியரச் சொல்லி மில்லு கேட்ல அம்புட்டுப் பேருக்கும் குடுத்தாச்சு. ஒனக்குன்னு தனியா வச்சிருக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறுதலுக்கும் ஓர் அளவு உண்டல்லவா. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவின் மில் தோழர் உட்கார்ந்திருந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன்; ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அப்பாவிடம் ஏதோ சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்து, சொல்ல வாய் வராமல் இரண்டு காபி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். என்னைப் பார்த்ததும் அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

"மாப்ள, எம் மகனுக்கு ஆறு அரியர் இருக்குய்யா."

"ஆறா! ஒரு வார்த்த சொல்லலியே. கமுக்கமா வச்சுக்கிட்ட பாத்தியா!"

"வெளிய சொல்ற மாதிரி அரியர் இல்லய்யா அது. நான் யாருக்காச்சும் ஸ்வீட் குடுத்தேனா? யோசிச்சுப் பாரு."

அப்பா சிரித்த முகத்தோடு யோசித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். எங்கள் வீட்டில் எதுவும் முதலில் புரிவது அவளுக்குத்தான்.

"ஃபெயிலா?" என்றாள்.

"காலேஜ்ல அதுக்கு அப்பிடித்தான் பேரு தங்கச்சி," என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்பா பெட்டியை மெதுவாக மூடினார். "கேட்ல எல்லாரும் வாங்கித் தின்னாங்களே. ஒருத்தன்கூட ஒண்ணும் சொல்லலியே."

"பாதிப் பேரு வீட்டுல காலேஜ் போற பிள்ள இருக்கு. அவங்களுக்கெல்லாம் தெரியும். நீ அம்புட்டுச் சந்தோசமா நீட்டிக்கிட்டு நிக்க. எவன் சொல்லுவான்?"

அம்மாவின் கரண்டியிலிருந்து ஒரு சொட்டுக் குழம்பு தரையில் விழுந்தது. பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

"அப்பம் போன்ல அழுதது, நெசமாவே அழுகதானா தாயி?"

பிற்பாடு மருத்துவப் படிப்பில் எத்தனையோ வாய்மொழித் தேர்வுகளில் நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. அவர் அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. மகள் அழும்போது, தான் சந்தோஷப்பட்டுவிட்டோமே என்பதுதான் அவரை வாட்டியது.

அந்த விடுமுறை முடிவதற்குள், கல்லூரிக்குத் திரும்பப் போவதில்லை என்றும் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"நாலு பேப்பர் தேற முடியல. டாக்டராம்ல டாக்டரு," என்றாள் அம்மா. "முள்ளுல விழுந்த சேலைய எடுக்கத் தெரியல, பட்டுச் சேலை கேக்கா."

மறுநாள், அவர்கள் இருவருக்கும் எனக்கும் இடையே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அடுத்து வரும் தேர்வை நான் எழுதலாம். இடம் கிடைக்காவிட்டால், வ. புதுப்பட்டியில் இருக்கும் பெரியம்மா சொல்லிக்கொண்டிருக்கும் வரனைப் பார்ப்பது. பையன் வீட்டாருக்கு நிலம் இருந்தது, பையன் போலீஸில் இருந்தான். அதற்குமேல் படிப்புப் பேச்சு கூடாது. அப்பா இதை ஒரு செட்டில்மென்ட் போலவே, விரல் மடக்கி, ஒவ்வொரு ஷரத்தாகச் சொன்னார்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. கல்லூரிப் பெண் ஏன் வீட்டிலேயே இருக்கிறாள் என்று கேட்க வருகிறவர்களுக்குக் காபி போட்டே பொழுது போனது. மாமாதான் வழி சொன்னார். அவருடைய மகன் விடுதியில் இருந்தான். அவனுடைய அறை சும்மா கிடந்தது. அப்பா காலை ஷிப்டுக்குப் போகும்போது நானும் பஸ்ஸில் போய், மில்லுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்த அந்த வீட்டில் படித்துவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் அவரோடு திரும்புவது என்று ஏற்பாடு.

அந்தக் காலைப் பஸ்ஸை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். மேற்கே மலை அப்போதுதான் கண்விழித்திருக்கும். பஸ்ஸில் பாதிப் பேர் மில் பெண்கள். ஈரத் தலையில் கனகாம்பரமும் மடியில் தூக்குச் சட்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

"எந்த மில்லுட்டி நீ?" என்று ஓர் அக்கா முதல் வாரமே கேட்டார்.

"மில்லு இல்லக்கா. டாக்டருக்குப் படிக்கேன்."

"இங்க எங்கட்டி டாக்டர் காலேஜு?"

"காலேஜ் இல்லக்கா. ஒரு வீட்டுல இருந்து படிக்கேன்."

பஸ்ஸே சிரித்தது. "வீட்டுல இருந்து படிச்சா டாக்டராயிரலாமா! இது தெரியாம நான் மில்லுல நூல் கோன் ஓட்டிக்கிட்டு இருக்கேனே. ஏட்டி டாக்டரு, இந்த இடுப்பு வலிக்கு ஒண்ணு எழுதிக் குடு பாப்போம்." அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸில் எனக்குப் பெயர் டாக்டர். "டாக்டருக்கு இடம் விடுங்கடி" என்று தள்ளி உட்காருவார்கள். அப்பா முன்பக்கம் நின்றுகொண்டு கேட்காதவர் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்.

மாமா வீட்டு அறையில் மேசை கிடையாது. மகன் விட்டுப்போன டிராயிங் போர்டு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. என்னைத் தோற்கடித்த அதே வகைப் பலகை. அதைப் படுக்கவைத்து இரண்டு செங்கல் கொடுத்து மேசையாக்கிக்கொண்டேன். கூம்பும் உருளையும் வரைந்து அழித்த தழும்புகள் இருந்த அந்தப் பலகையின்மேல் தாளை விரித்து இதயத்தை வரைந்தேன், சிறுநீரகத்தின் நெஃப்ரானை வரைந்தேன். பள்ளியில் தமிழில் படித்ததையெல்லாம் ஆங்கிலத்தில் மறுபடி சந்திப்பது, சின்ன வயதில் தெரிந்த ஒருவரைத் தூரத்து ஊரில் வேறு உடையில் பார்ப்பது போல இருந்தது. பான்கிரியாஸ் என்று பயமுறுத்தியது எனக்குத் தெரிந்த கணையம்தான். ஸ்ப்ளீன் என்றது மண்ணீரல்தான். கல்லூரியில் எந்தச் சொல்லும் எனக்கு இப்படி முகம் காட்டியதில்லை. ஒரு பாடம் நமக்குப் புரிவதற்கு முன்பே அதன்மேல் நமக்கு ஓர் உரிமை தோன்றிவிடும். அதுவே பாதிப் படிப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

மாமாவின் மனைவி, நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், நாளுக்குப் பலமுறை வாசலில் வந்து எட்டிப் பார்ப்பார். பெண்ணே, சாப்பிட்டாயா என்று தெலுங்கில், "அம்மாயி, தின்னாவா?" என்பார். சாப்பிட்டாயிற்று என்றாலும் நம்பமாட்டார். ஒருநாள் நான் வரைந்த இதயத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எம் பையன் இந்தப் பலகையில இம்புட்டு நேரம் உக்காந்து நான் பாத்ததேயில்ல," என்றார். அதில் எனக்கான பாராட்டைவிட, அந்த ஆறு பாடங்களின் துக்கம்தான் அதிகமாக இருந்தது. அவருடைய மகனுக்காக வைத்திருந்த ஊறுகாயை அந்த வருடம் நான் சாப்பிட்டேன்.

வெயில் உச்சத்தில் இருந்தபோது தேர்வு எழுதினேன். முடிவு வந்தது. தகுதி பெற்றிருந்தேன்; ஆனால் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அந்தக் கொஞ்சத்துக்குள் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்கக்கூடிய தேர்வு அது. இந்த முறை அப்பாவிடம் எந்தச் சொல்லுக்கும் இடம் வைக்காமல், "எடம் கெடைக்கலப்பா" என்றேன். "சரி தாயி" என்றார். அடுத்த நாள் பஸ்ஸுக்கு என்னை எழுப்பவில்லை.

ஆடிப்பூரத் தேருக்குப் பெரியம்மா வந்தார். தேர் பார்க்க வருவது வருடாவருடம் உள்ளதுதான். அந்த வருடம் வரனையும் பேசி முடித்துவிட்டுப் போகும் எண்ணத்தோடு வந்திருந்தார். ரத வீதி ஓரத்தில் ஒரு கடை நிழலில் நாங்கள் நின்றோம். தேர் இன்னும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வடம் பிடிக்கிறவர்களின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"ஏட்டி, ஒங்க அப்பன் சொன்ன கெடு முடிஞ்சிருச்சுல்லா?" என்றார் பெரியம்மா என்னிடம். பிறகு அம்மாவிடம், "அவிய வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காவ. ஆவணியில பூ வச்சிருவோமா?"

அப்பா கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்; மறுபடி விரித்தார். தானே விரல் மடக்கிச் சொன்ன ஷரத்து ஆயிற்றே. நான் அம்மாவைப் பார்க்கவே இல்லை. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"செத்த பொறுக்கா," என்றாள் அம்மா.

"எம்புட்டுப் பொறுக்க?"

"அவளுக்கு அரியர் வர வேண்டியிருக்கு."

"என்னட்டி ஒளறுத? அதான் காலேஜயே விட்டாச்சே."

"அந்த அரியர் இல்லக்கா. இவிய மில்லு அரியரு. எத்தன தடவ பேச்சுவார்த்த முறிஞ்சு இவிய மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்திருக்காவ. மொதத் தடவையில எது வந்திருக்கு? வராமலும் போனதில்லல்லா. இன்னொரு வருசம் பாப்போம். அந்தப் பையனுக்கு வேற நல்ல இடமா அமையட்டும்."

எங்கள் வீட்டில் வேடிக்கை பேசுவது அப்பாவின் வேலை. கணக்குப் பார்ப்பது அம்மாவின் வேலை. அவள் அதைக் கணக்காகத்தான் சொன்னாள். அப்பா அவளை யாரோ புதிய ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, "குடும்பமே மில்லுக்காரப் புத்தி" என்று முணுமுணுத்துவிட்டு, தேர் திரும்பியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெரிய தேர் திரும்பும்போது கொஞ்ச நேரம் நின்றுவிடும்; சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, எல்லோரும் சேர்ந்து மூச்சுப் பிடித்து இழுத்த பிறகு நகரும். அன்றைக்கும் நின்றது, நகர்ந்தது. மறுநாள் காலையில் அம்மாவே என்னைப் பஸ்ஸுக்கு எழுப்பினாள்.

இரண்டாவது வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படித்தேன். பஸ் அக்காக்களின் கேலி கொஞ்சம் கொஞ்சமாக விசாரிப்பாக மாறியது. டிராயிங் போர்டின் ஓரம் என் முழங்கை பட்டு வழவழப்பாகிவிட்டது. பலகைக்குச் சொந்தக்காரன் ஒரு விடுமுறைக்கு வந்து, என் படங்களைப் பார்த்துவிட்டு, "இதுக்காச்சும் உபயோகப்பட்டுச்சே" என்று சிரித்தான். அவனுடைய ஆறு அப்போது மூன்றாகக் குறைந்திருந்தது. அதற்கு அத்தை கேசரி செய்தார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

மறுபடி தேர்வு, மறுபடி காத்திருப்பு, கலந்தாய்வு. ஒரு பகல் வேளையில், அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எனக்கு இடம் ஒதுக்கப்பட்ட செய்தி போனில் வந்தது. வீட்டில் அப்பாவும் இருந்தார். போனை அவரிடம் கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்த அந்த வரிகளை அவர் நீண்டநேரம் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. வந்ததும் அவரே அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். பிறகு போனோடு பஸ் ஏறி ராஜபாளையத்துக்குப் போனார். நானும் கூடவே ஓடினேன்.

மாமா வீட்டு வாசலில் நின்று, "யோவ், இத நீ படிச்சுப் பாத்துச் சொல்லு," என்றார். "இதுக்கு வேற அர்த்தம் ஏதும் இருக்கா?"

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "அலாட்மென்ட்னு இருக்கு மாப்ள. அது நல்ல வார்த்ததான். ஆனா முன்னால புரொவிஷனல்னு ஒண்ணு நிக்குதே."

"புரொவிஷனா? அது மளிகைக் கடைல்லா?"

"அதானே! அம்மாயி, டாக்டர் காலேஜ்ல மளிகைக்கு என்ன வேல?"

தற்காலிக ஒதுக்கீடு என்று பொருள். சான்றிதழ் சரிபார்த்துச் சேர்த்துக்கொண்டால் உறுதியாகிவிடும் என்று விளக்கினேன். அப்பா தீர்மானமாகத் தலையாட்டினார். "அப்பம் சேந்த பொறவு பால்கோவா வாங்குவோம். ஒரு தடவ பட்டது போதும்."

சொன்னபடியே செய்தார். கல்லூரியில் சேர்ந்து, வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பிய மறுநாள், அதே கடையில் பெரிய பெட்டியாக வாங்கிக்கொண்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் மில் வாசலில் நின்றார். என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சங்கு ஊதியது. தலையிலும் புருவத்திலும் பஞ்சோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில் கைநீட்டி வாங்கித் தின்றவர்கள்தான் பலர். அப்பா பெட்டியைத் திறந்தார். ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மெடிக்கல் சீட் என்று சொல்ல வாயெடுத்துத் தடுமாறி, பழைய பழக்கத்தில் சொன்னார்.

"மகளுக்கு அரியர் வந்திருக்குய்யா."

ஒரு கணம் எல்லோரும் நின்றார்கள். மாமாதான் முதலில் சிரித்தார், வாசலே சிரித்தது. வயதான ஒருவர், அப்பாவோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

"போன தடவ குடுத்ததும் இனிப்பாத்தான்யா இருந்துச்சு."